நகரங்களின் நாடி பார்த்த பேராசிரியர்

பாட்ரிக் கெடிஸ் வாழ்க்கை வரலாறு

ஒருவரிடமிருந்து கடையொன்றை விலைபேசி வாங்கும் வணிகர் முதற்காரியமாக என்ன செய்வார்? இருப்பு எடுப்பார். அலமாரியில் என்ன இருக்கிறது, கிட்டங்கியில் எத்தனை மூட்டை கிடக்கிறது, எது விலைபோகும், எது கெட்டுப் போயிற்று, பேரேட்டில் யார் யார் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்த பிறகுதான் எதை வைத்துக்கொள்வது, எதை ஒழிப்பது என்று தீர்மானிப்பார். இருப்பு எடுக்காமல் உள்ள சரக்கையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டுப் புதுச் சரக்கு இறக்குகிறவரை நாம் வணிகர் என்று மதிப்பதில்லை.

கடைக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஊருக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? ஆயினும் பழைய ஊர்களைச் சீர்திருத்தப் புறப்பட்ட அதிகாரிகளுக்கு இது நெடுங்காலம் தோன்றவில்லை. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு கிழிப்பது, அந்தக் கோட்டில் அகப்பட்ட வீட்டையும் கடையையும் தொழுமிடத்தையும் இடித்துத் தள்ளுவது, இதுவே நகர்ச் சீர்திருத்தம் எனப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில், இடிக்குமுன் இருப்பெடுங்கள், அறுக்குமுன் நாடி பாருங்கள் என்று வற்புறுத்தி, எடின்பரோவிலும் தஞ்சையிலும் லாகூரிலும் சந்து சந்தாக நடந்து காட்டியவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுப் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ் என்பது அவர் பெயர்.

இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கட்டடக் கலை பயின்ற பட்டதாரிகள் மேற்படிப்பாகப் பழைய நகரங்களைப் பாதுகாக்கும் கலையைப் பயில்கிறார்கள். அக்கலைக்கு அடிப்படை போட்டவர்களுள் கெடிஸ் முக்கியமானவர். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் பழைய கடைவீடுகளில் தொழில் நடத்தும் நம்மவர்க்கு இவருடைய வரலாறு வெறும் ஊர்க்கதை ஆகாது. ஆகவே இம்மடலில் அதனைச் சுருக்கமாக எடுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

இளமையும் கல்வியும்

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பட்டாளத்தில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம், தோட்டத்துக்கப்பால் குன்று, குன்றின் மேலிருந்து பார்த்தால் ஊர் முழுதும் தெரியும். செடி கொடிகளையும் ஊரையும் ஒரே பார்வையில் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கே படிந்ததென்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தந்தையின் விருப்பப்படி ஒன்றரை ஆண்டுக் காலம் பாங்கு ஒன்றில் வேலை பழகினார். கணக்கு வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. தாவரவியல் படிக்க எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார்; அங்கே கற்பித்த முறை ஒவ்வாமல் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார். பின்னர் 1874-இல் லண்டன் சென்று, அந்நாளில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவராய் அமர்ந்தார். பிற்காலத்தில் பேராசிரியராய்ப் பல்லாண்டு விளங்கிய இவர் பல்கலைக்கழகப் பட்டம் எதையும் வாங்கியவரல்லர் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

1879-இல் ஆராய்ச்சிப் பொருள்கள் திரட்ட மெக்சிக்கோ நாட்டுக்குச் சென்றபோது அவருடைய கண்பார்வை மங்கிப்போயிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் கட்டுப்போட்ட கண்ணோடு கிடந்தார். பார்வை மீண்டது, ஆனால் நுண்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்து வேலை செய்யும் வலிமை மீளவில்லை. அந்தத் தொழிலுக்கே உயிரான கருவி கைவிட்டுப் போனது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பார். கெடிஸ், சிற்றுயிர்களைக் கண்ணாடி வழியே பார்த்த அதே நுட்பத்தோடு மனிதர் வாழும் ஊர்களைப் பார்க்கத் தொடங்கினார். உயிர்ப் பிராணிக்கு அது வாழும் இடமும், அது இரை தேடும் முறையும், அதன் கூட்டமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவோ, அப்படியே ஊருக்கு இடம், தொழில், மக்கள் என்ற மூன்றும் பின்னிக் கிடக்கின்றன என்பது அவர் கொள்கை. பிரெஞ்சு அறிஞர் லெ ப்ளேயின் கருத்தைத் தழுவி இதனை அவர் வகுத்துக்கொண்டார். இம்மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் அறுந்துபோகும் என்பதை அவர் ஆயுள் முழுதும் சொல்லி வந்தார்.

பழைய எடின்பரோ

1886-இல் ஆனா மார்ட்டன் என்னும் பெண்மணியை மணந்தார். அவர் லிவர்பூல் நகரத்து வணிகர் ஒருவரின் மகள், இசை பயின்றவர். மணமான புதிதில் தம்பதியர் செல்வர் வாழும் புதுநகர்ப் பகுதியில் இருந்தனர். சிறிது காலத்தில் அதை விட்டுப் பழைய நகரின் ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்துக்கு வலியக் குடிபோயினர்.

பழைய எடின்பரோவின் நிலை என்னவென்று சொன்னால்தான் இதன் அருமை விளங்கும். கோட்டையிலிருந்து அரண்மனைவரை குன்றின் முதுகில் ஓடும் ஒரு பெருந்தெரு. அதன் இருபுறமும் மீன்முள் போல இறங்கும் குறுகிய சந்துகள். சந்துகளில் அடுக்கடுக்காய் உயர்ந்த கல் வீடுகள். 1767-க்குப் பின் புதுநகரம் எழும்பியதும் வசதியுள்ளோர் அங்கே போய்விட்டார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் குடியேறின. பழுதுபார்ப்பார் இல்லை. 1861-இல் அடுக்குவீடு ஒன்று நள்ளிரவில் சரிந்து 35 பேர் மாண்டனர். அதற்குப் பின் 1867-இல் சட்டம் இயற்றி, பல வரிசைகளை இடித்து அகன்ற சாலைகள் போட்டார்கள். சாலை அழகாக வந்தது. இடிபட்ட வீட்டில் இருந்த ஏழைகள் எங்கே போனார்கள்? இடிபடாத சந்துகளில் போய் மேலும் நெருக்கிக்கொண்டார்கள்.

இதைக் கண்கூடாகப் பார்த்த கெடிஸ் வேறு வழி எடுத்தார். தாம் குடியேறிய முற்றத்தில் முதலில் துடைப்பத்தையும் சுண்ணாம்புச் சட்டியையும் எடுத்தார். தம்பதியர் சுவர்களைக் கழுவி வெள்ளையடித்தனர். சன்னல்களில் பூந்தொட்டி வைத்தனர். பார்த்த அண்டைவீட்டாரும் கூட வந்தனர். அடுத்து, எந்த வீடு உறுதியானது, எது பழுதுபார்த்தால் நிற்கும், எது இனித் தேறாது என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தேறாத சிலவற்றை மட்டும் அகற்றினார். அகற்றிய இடத்தில் வெளிச்சமும் காற்றும் வந்தன. சிறு தோட்டம் வந்தது. மற்றவை பழுதுபார்க்கப்பட்டுக் குடியிருப்புக்கு உதவின. உறுப்பை வெட்டி எறியாமல் காக்கும் அறுவைச் சிகிச்சை என்று இம்முறைக்குப் பெயர் வந்தது.

1887-இல் பழைய வீடுகளைச் செப்பனிட்டு மாணவர் விடுதி தொடங்கினார். மாணவர்கள் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் விடுதி ஸ்காட்லாந்தில் அதுவே முதலாவது. கோட்டைக்கருகே ராம்சே கார்டன் என்னும் அழகிய குடியிருப்பு எழும்பியது. ஏழைகள் மட்டும் வாழும் தெருவில் கற்றவரும் உள்ளவரும் வந்து கலந்து வாழ்ந்தால்தான் தெரு தலைதூக்கும் என்பது அவர் எண்ணம்.

1888-இல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மிச்ச நாளெல்லாம் நகரப் பணிக்கு. 1919 வரை இப்பதவியில் இருந்தார். 1892-இல் எடின்பரோக் கோட்டைக்கு அருகே உச்சியில் படக்கண்ணாடி பொருத்திய பழைய கோபுரம் ஒன்றை வாங்கி, அதை ஊர் அறியும் பள்ளிக்கூடமாக்கினார். மேலே ஏறினால் நகர் முழுதும் கண்ணாடி வழியே மேசையில் விழும். அங்கிருந்து இறங்க இறங்க, ஒரு தட்டில் எடின்பரோ, அடுத்ததில் ஸ்காட்லாந்து, பிறகு ஐரோப்பா, கடைசியில் உலகம். தன் ஊரை அறிந்துதான் உலகை அறிய வேண்டும் என்னும் பாடத்தைப் படிக்கட்டாகவே அமைத்துவிட்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வரவு செலவில் இப்பெரியார் கெட்டிக்காரர் அல்லர். கட்டடத்தின் மேல் கட்டடமாக வாங்கிக் கடன் பெருகியது. 1896-இல் நண்பர்கள் கூடிப் பங்குக் கம்பெனி ஒன்று அமைத்து அச்சொத்துக்களை ஏற்றுக்கொண்டதால் தலை தப்பியது. பாங்கில் ஒன்றரை ஆண்டு பழகியும் ஐந்தொகை போடும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. நல்ல நோக்கம் இருந்தாலும் கணக்கு இல்லையேல் காரியம் தடுமாறும் என்பதற்கும் இவர் வாழ்வே சாட்சி.

எம்டன் விழுங்கிய சரக்கு

டன்பெர்ம்லின் என்ற ஊருக்கு அவர் எழுதிய நூல் 1904-இல் வெளிவந்தது. தெருத்தெருவாகப் படம் எடுத்து, இது இப்படி இருக்கிறது, இப்படி ஆகலாம் என்று பக்கத்தில் பக்கமாகக் காட்டிய நூல் அது. பணம் கொடுத்து எழுதச் சொன்னவர்களே அதை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் பல நாட்டு அறிஞர்கள் அதைப் படித்தனர். பின்னர் பல நகரங்களின் வரைபடங்களையும் ஓவியங்களையும் திரட்டி நகரக் கண்காட்சி ஒன்றை அமைத்தார். 1913-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் அது பெரும்பரிசு பெற்றது.

அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பெண்ட்லண்டு பிரபு. ஸ்காட்லாந்து அரசாங்கத்தில் பொறுப்பு வகித்தவர், கெடிஸை அறிந்தவர். அவர் அழைப்பின் பேரில் 1914-இல் கெடிஸ் தம் மூத்த மகன் அலாஸ்டருடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் வேறொரு கப்பலில் வந்தன.

உலகப் போர் தொடங்கிவிட்ட சமயம். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலையும் இந்துமாக்கடலையும் கலக்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அக்டோபர் 28-ஆம் நாள் விடியலில் நம் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ருஷ்யப் போர்க்கப்பலையும், வெளியேறும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. துணிந்த சூழ்ச்சிக்காரனை எம்டன் என்று தமிழில் இன்றும் நாம் சொல்வது இதனால் வந்த வழக்கே. சென்னைக்கும் பினாங்குக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் மினிக்காய்த் தீவுப் பக்கம் எம்டன் மூழ்கடித்த வணிகக் கப்பல்களில் கிளான் கிராண்டும் ஒன்று. பல்லாண்டு திரட்டிய படங்களும் வரைபடங்களும் கடலுக்கடியில் போயின.

சரக்குக் கப்பல் மூழ்கிய துயரம் என்னவென்று நம் முன்னோர் அறிவர். கெடிஸ் தலையில் கைவைத்து உட்காரவில்லை. சீமையிலிருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்பினார்கள். 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்காட்சி நடந்துவிட்டது.

தமிழ் நாட்டுச் சந்துகளில்

பிறகு அவர் மாகாணத்து ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்றார். அதிகாரிகள் மேசையில் விரித்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, வெயிலில் காலால் நடந்தார். எந்தக் கிணறு யாருக்குத் தண்ணீர் தருகிறது, எந்த மரத்தடியில் பெண்கள் கூடுகிறார்கள், எந்தச் சந்தில் வண்டி திரும்பாமல் முட்டுகிறது, எந்த வீடு பாழடைந்து கிடக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

தஞ்சைக் கோட்டைக்குள் நெரிசலான ஒரு பகுதியைச் சீர்திருத்த நகராட்சியார் நேர்த்தெருக்கள் போடத் திட்டம் வகுத்திருந்தனர். அதனை நிறைவேற்றினால் நல்ல வீடுகள் பல போகும், செலவும் அதிகம். கெடிஸ் அந்தத் திட்டத்தைத் தள்ளினார். இருக்கும் சந்துகளையே வைத்துக்கொண்டு, பாழ்மனைகளையும் தேறாத வீடுகளையும் மட்டும் எடுத்துவிட்டு, அங்கங்கே சிறு திடல்களும் மரங்களும் வைத்தால் காற்றோட்டம் வரும், போக்குவரத்தும் எளிதாகும் என்று காட்டினார். செலவு முன்னதில் ஒரு சிறு பங்கே ஆகும் என்றும் கணக்குக் காட்டினார். தம் சொந்தக் கணக்கில் கோட்டைவிட்டவர் ஊர்ப் பணத்தை மிச்சப்படுத்த வழி சொன்னது வேடிக்கைதான்.

மதுரையில் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக விரியும் தெருக்களைக் கண்டு வியந்தார். தேர் திரும்ப வேண்டும் என்பதற்காக அகலமாக விடப்பட்ட தெரு, ஊருக்கே காற்றும் வெளிச்சமும் தருகிறது என்று கண்டார். பண்டைத் தமிழர்க்கு நகரமைப்புத் தெரியாது என்று எண்ணிய வெள்ளைக்காரர் நடுவில், இவ்வூர்களிடம் ஐரோப்பா பாடம் கற்கலாம் என்று எழுதினார். கோயில் நகரங்களைப் பற்றிய அவர் கட்டுரை 1919-இல் மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையில் வந்தது.

அக்காலத்து நகராட்சிகளின் வழக்கம் இதற்கு நேர் எதிர். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபின், 1898-இல் சீர்திருத்த டிரஸ்டு ஒன்று அமைத்து நெரிசலான பேட்டைகளைக் கிழித்துக்கொண்டு சாலைகள் போட்டார்கள். இதைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. லாகூரில் 1917-இல் கெடிஸுக்குக் காட்டப்பட்ட திட்டம், பள்ளிவாசல், கோயில், சத்திரம், சமாதி என்ற வேறுபாடின்றி ஒரு பேட்டை முழுவதையும் துடைத்துவிடக்கூடியதாய் இருந்தது. அவர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அழுக்கைப் போக்க வந்தவர்கள் மக்களின் உழைப்பையும் நினைவையும் சேர்த்துப் போக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வீடிழந்தோர் பக்கத்துத் தெருவில் போய் நெருக்குவதால் வாடகை ஏறும், நோயும் அங்கே குடிபோகும் என்று எடின்பரோ அனுபவத்தைக் கொண்டு எச்சரித்தார்.

மலேரியாக் கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் வழக்கத்தையும் எதிர்த்தார். குளத்தில் மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை தின்னும்; குளமோ ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தைத் தாங்கும் என்றார். உயிரியல் படித்தவர் அல்லவா!

பத்தாண்டுக் காலத்தில் இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது ஊர்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். கல்கத்தாவின் பெரிய வணிகப் பேட்டையான படாபஜாரைப் பற்றிய அறிக்கை 1919-இல் வந்தது. 1921-இல் கொழும்பு நகருக்கும் திட்டம் வகுத்தார்.

இந்தூர்த் தீபாவளி

இவ்வளவு அறிக்கைகளிலும் மக்கள் நினைவில் அதிகம் நின்றது இந்தூர்ச் சம்பவம். ஹோல்கர் மகாராஜாவின் அழைப்பில் அங்கே சென்றபோது ஊரில் பிளேக் பயம். வரைபடத்தோடு சந்துகளில் திரியும் வெள்ளைத்தாடிக் கிழவரைக் கண்டால் ஜனங்கள் ஒளிந்தார்கள். இந்தத் துரை பார்த்த வீடு இடிபடும் என்பது அவர்கள் அச்சம்.

கெடிஸ் மகாராஜாவிடம் ஒருநாள் அதிகாரம் கேட்டு வாங்கினார். எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் சுத்தமாகவும் பழுதுபார்க்கப்பட்டும் இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியே தீபாவளி ஊர்வலம் போகும் என்று தண்டோராப் போடச் செய்தார். ஊரே போட்டி போட்டுக்கொண்டு வெள்ளையடித்தது. குப்பை வண்டி வண்டியாகப் போயிற்று. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கன் உருவமும், பிளேக் எலியின் பெரிய உருவமும் வந்தன. அவற்றோடு நகரத் தோட்டிகள் புத்தாடை உடுத்து, மாலையணிந்து, மரியாதையாக நடந்து வந்தார்கள். இறுதியில் அரக்கனைக் கொளுத்தினார்கள். அன்று முதல் கிழவரைக் கண்டால் ஜனங்கள் ஒளியவில்லை. தங்கள் வீட்டையும் வந்து பார்க்கும்படி அழைத்தார்கள். அவருடைய இந்தூர் அறிக்கை 1918-இல் இரு பாகங்களாக வெளிவந்தது.

சட்டத்தையும் கடப்பாரையையும் கொண்டு செய்ய முடியாததை மதிப்பையும் மகிழ்ச்சியையும் கொண்டு செய்து முடித்தார். ஊரைத் திருத்த ஊராரைத் துணைக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை என்போம்.

சோதனை ஆண்டு

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பெரும் சோதனையைக் கொண்டுவந்தது. சென்னைக்கு உடன் வந்திருந்த மகன் அலாஸ்டர், திரும்பிச் சென்று பட்டாளத்தில் சேர்ந்து, ஏப்ரல் மாதம் பிரான்சுப் போர்க்களத்தில் உயிர் நீத்தார். தந்தி இந்தியாவுக்கு வந்த வேளையில் ஆனா அம்மையார் கடுங்காய்ச்சலில் கிடந்தார். மகன் மறைந்த செய்தியை மனைவியிடம் சொல்லக் கெடிஸுக்கு நா எழவில்லை. மகனின் பழைய கடிதங்களையே அவருக்குப் படித்துக் காட்டிவந்தார். ஜூன் மாதத்தில் அம்மையார் செய்தி அறியாமலேயே இந்திய மண்ணில் கண்மூடினார்.

ஜேம்ஸ் கோர்ட்டில் கூடச் சேர்ந்து சுவர் கழுவிய துணையும் இல்லை. பணியைத் தொடர்வான் என்று நம்பிய பிள்ளையும் இல்லை. இந்தூரில் அவர் ஊர்வலம் நடத்தியது இந்தத் துயரத்துக்குப் பின்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது அம்மனிதரின் மனத்திண்மை நமக்கு விளங்கும்.

பம்பாய்ப் பேராசிரியர்

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல், நகரவியல் துறை ஒன்றைப் பட்டதாரிகளின் மேற்படிப்புக்கெனத் தொடங்கி, கெடிஸை முதற் பேராசிரியராக நியமித்தது. பட்டமே பெறாதவர் பட்டதாரிகளுக்கு ஆசிரியரானார். புத்தகத்தை மனனம் செய்வதை அவர் கல்வியாகக் கொள்ளவில்லை. ஊரை நடந்து பார், அளந்து பார், வாழ்பவரைக் கேள், பிறகு எழுது என்பதே அவர் முறை. விரிவுரைகள் எல்லாருக்கும் எளிதில் விளங்கவில்லை. ஒன்றைத் தொட்டு ஒன்பதுக்குத் தாவுவார். எனினும் அவர் தேர்ந்தெடுத்துச் சீமைக்கு அனுப்பிய மாணவர் ஜி. எஸ். குர்யே, திரும்பி வந்து அத்துறைக்கே தலைவராகி, இந்தியச் சமூகவியலின் முன்னோடியாக விளங்கினார்.

கவி தாகூரோடும் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸோடும் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார். போஸின் வரலாற்றை 1920-இல் நூலாக எழுதினார். சியோனிஸ இயக்கத்தார் அழைத்ததன் பேரில் ஜெருசலத்துக்கு 1919-இலும், டெல் அவிவுக்கு 1925-இலும் திட்டங்கள் வகுத்தார். அந்நாட்டு அரசியல் தனி வரலாறு. அதனுள் நாம் இங்கே புகவில்லை.

உடல்நலம் குன்றியதால் 1924-இல் இந்தியாவை விட்டுச் சென்று, பிரான்சின் தென்பகுதியிலுள்ள மாண்ட்பெல்லியே நகரில் மாணவர் கல்லூரி ஒன்றை எழுப்பினார். முன்னர் வேண்டாமென்று மறுத்த சர் பட்டத்தை 1932-இன் தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார். அவருடைய இந்திய அறிக்கைகள் பல அலுவலக அலமாரிகளில் தூங்கின. 1947-இல் ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார் அவற்றிலிருந்து பகுதிகளைத் தொகுத்து லண்டனில் வெளியிட்டபின் உலகம் மீண்டும் அவரைத் தேடிப் படித்தது.

நம் தெருக்களுக்கு என்ன பாடம்?

கெடிஸ் மறைந்தபின் அவர் வழி தழைத்தது. 1959-இல் யுனெஸ்கோ ஆதரவில் பழம்பொருள் பாதுகாப்பைக் கற்பிக்கும் சர்வதேச நிலையம் ரோமாபுரியில் இயங்கத் தொடங்கியது. பழைய நினைவுச் சின்னங்களைப் பேணும் விதிகள் 1964-இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்டன. அவர் வெள்ளையடித்த பழைய எடின்பரோ 1995-இல் உலகப் பாரம்பரிய இடமாயிற்று. சிங்கப்பூரில் 1989-இல் சைனா டவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் பாதுகாப்புக்கு உட்பட்டன. 2008-இல் மலாக்காவும் பினாங்கு ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சூலியாத் தெருவின் நாகூர் தர்காவும் அந்த எல்லைக்குள் அடங்கும்.

பட்டியலில் ஏறினால் மட்டும் தெரு பிழைத்துவிடுமா? மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 1999-ஆம் ஆண்டு முடிவோடு அதன் காப்பும் முடிந்தது. தலைமுறையாகத் தொழில் நடத்திய பல கடைக்காரர்கள் ஏறிய வாடகை தாங்காமல் பழைய கடைவீடுகளைக் காலி செய்தார்கள். சுவர் நிற்கிறது, அஞ்சடியும் நிற்கிறது, உள்ளே இருந்த தொழிலும் ஆளும் போய்விட்டால், இடம், தொழில், மக்கள் என்ற மூன்றில் ஒன்றுதான் மிச்சம். கெடிஸ் இருந்தால் இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொண்டிருப்பாரா?

இன்னொன்று கைவேலை பற்றியது. நம் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழைக்கு ஏறிய ஈரம் வெயிலுக்கு வெளியேறும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். நல்லது செய்கிறோம் என்று எண்ணிப் பணம் செலவழித்துச் சுவரைக் கெடுத்துக்கொள்வோர் உளர். இத்தகைய நுட்பங்களைத்தான் இன்று பாதுகாப்புக் கலையின் மேற்படிப்பில் கற்பிக்கிறார்கள். கட்டடத்தை அளந்து படம் வரைதல், பழைய சாந்தையும் மரத்தையும் சோதித்தல், பத்திரங்களையும் பழைய வரைபடங்களையும் ஒப்பிட்டு வரலாறு காணுதல், குடியிருப்போரிடம் கேட்டுப் பதிதல், சட்டமும் செலவுக் கணக்கும் அறிதல் ஆகிய யாவும் அதில் உண்டு.

நம் பிள்ளைகள் டாக்டராகவும் வக்கீலாகவும் கணக்காயராகவும் படித்து வருவதைக் காண மகிழ்ச்சியே. கட்டடக் கலை பயிலும் பிள்ளைகளில் ஓரிருவர் இந்தப் படிப்பையும் மேற்கொண்டால் எவ்வளவு நன்று! நம் பள்ளிவாசல்களும் தர்காக்களும் வக்பு மனைகளும் கடைத்தெருக்களும் செப்பனிட வேண்டிய காலத்தில், பிறர் வரைந்த கோட்டைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிய நிலை வராது. நம் தெருவின் இருப்பை நம் பிள்ளையே எடுத்துச் சொல்வான், சொல்வாள்.

அதுவரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு கடைக்காரரும் தம் கடை எந்த ஆண்டு தொடங்கியது, யார் தொடங்கினார், என்ன சரக்கு விற்றது, பக்கத்துக் கடைகள் யாருடையவை என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். பழைய புகைப்படம், வாடகைச் சீட்டு, பெயர்ப்பலகை ஆகியவற்றைக் குப்பையில் போடாமல் காக்கட்டும். சுவரில் கை வைக்குமுன், கண்டிராக்டரோடு சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரையும் ஒருமுறை அழைத்துக் கேட்கட்டும். ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் தெருவின் கதையைக் கேட்டு எழுத இளைஞர்களை நம் சங்கங்கள் தூண்டட்டும். பெரியவர்கள் இருக்கும்போதே இந்த இருப்பை எடுத்துவிடுவது நலம்.